பதினோராவது நொடிக்குப் பிறகு

அழுகை பதினோரு நொடிதான் இருக்க வேண்டும். வெட்டி ஒட்டியவரே சத்தக்காரர்தான் என்பதால் அளவில் தப்பு வர வழியில்லை. பக்கத்து வீட்டு இரட்டைப் பெண்கள் பள்ளி விடுமுறையைக் கொண்டாடும் விதமாகக் காலையிலிருந்து அதே வீடியோ கேமைப் போட்டு, அதே இடத்தில் தோற்று, கேமில் வரும் அதே அழுகையைச் சுவர் வழியாக அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு முறையும் கடைசி நொடியில் ஒரு விக்கல்; பிறகு முதலிலிருந்து. மாலை நாலே காலுக்கும் விக்கல் வந்தது. ஆனால் முதலுக்குத் திரும்பவில்லை. அழுகை மூக்கை உறிஞ்சிக்கொண்டு மேற்கொண்டு தொடர்ந்தது.

சத்தக்காரர் காபிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

குடியிருப்பில் அவருக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. வாயைத் திறந்து இரண்டு வார்த்தை பேசமாட்டார். ஆனால் லிஃப்ட் முனகினால் மைக்கை நீட்டிக்கொண்டு நிற்பார். படிக்கட்டில் யாராவது வழுக்கி விழுந்தால் தூக்கிவிடுவாரா, இல்லை இன்னொரு தடவை விழச் சொல்லிப் பதிவு செய்வாரா என்று மாடியில் துணி காயப்போடும் பெண்கள் பேசிச் சிரிப்பதுண்டு. வேலை கேம் கம்பெனியில். விளையாட்டுக்குள் கேட்கிற காற்று, கதவு, காலடி எல்லாம் அவர் கைவண்ணம்.

அந்த அழுகையும்தான்.

இரண்டு வருஷம் முன்பு குழந்தைகள் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்த்த மரப்பொந்துப் படம் ஒன்று வந்ததே, சூனியக்காரி குட்டி இளவரசியை மரத்துக்குள் பூட்டிவைப்பாள், பறக்கும் ஆமை வந்து மீட்கும், அதே கதைக்குத்தான் கேம். படம் வெளியாகிற வெள்ளிக்கிழமையே கேமும் கடைக்கு வந்தாக வேண்டும். படக்காரர்கள் எல்லாம் கொடுத்தார்கள், அழுகையைத் தவிர. படத்தில் அந்த இடத்தில் வயலின் அழுதிருந்தது. நடித்த பெண்ணோ அதற்குள் மளமளவென்று வளர்ந்து, குரலும் வளர்ந்துவிட்டது. கூலிக்கு அழ வந்த அம்மாள் ஒருத்தி, சீரியல் நடுவில் மின்சாரம் போன மாதிரி அழுதுவிட்டுப் போனாள். கேமில் அந்த அழுகைதான் வழிகாட்டி; அதைப் பின்தொடர்ந்து போனால்தான் மரம் கிடைக்கும்.

“நிஜமா அழணும்யா. கேட்டா வயித்தக் கலக்கணும்” என்றார் மேலாளர்.

வீட்டில் ஐந்து வயதுப் பெண் இருந்தாள். அவளுக்கு இருட்டென்றால் பயம். படுக்கையறைச் சுவரில் ஆள் உயரத் துணி அலமாரி இருந்தது. துணிகள் எதிரொலியைக் குடித்துவிடும் என்பது தொழில் தெரிந்தவர்களுக்குத் தெரியும். மனைவி நர்ஸ், அன்று பகல் டியூட்டி. அவர் கம்பளிக் கோட்டுகளுக்கு நடுவே மைக்கைத் தொங்கவிட்டு, மகளை உள்ளே உட்காரவைத்தார்.

“கொஞ்ச நேரம்தான் குட்டி. அப்பா இதோ வந்துடறேன்.”

சாவியைத் திருப்பினார்.

உடனே மேலாளரிடமிருந்து போன் வந்தது. தன் பேச்சு பதிவில் விழுந்துவிடக் கூடாதே என்று பால்கனிக்குப் போய், கண்ணாடிக் கதவையும் சாத்திக்கொண்டு பேசினார். அவ்வளவு கவனமான மனிதர். பேசி முடித்தபோது நாற்பது நிமிடம் ஆகியிருந்தது.

ஓடிப்போய்த் திறந்தார். மகள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அவரைப் பார்த்து, வழியில் யாரோ தெரிந்தவரைப் பார்த்த மாதிரி, சிரித்தாள்.

தொடக்கத்திலிருந்து பதினோரு நொடியை வெட்டி எடுத்தார். மீதியைக் கேட்கத் தைரியம் வராமல் அழித்தார். “சும்மா விளையாட்டா அழுதா, எடுத்துக்கிட்டேன்” என்று மனைவியிடம் சொன்னார். கம்பெனியில் கைதட்டி, ஆமை வடிவத்தில் ஒரு கேடயம் கொடுத்தார்கள். அதை இன்றுவரை சுவர்ப்பக்கம் திருப்பித்தான் வைத்திருக்கிறார்.

அன்றிலிருந்து மகள் அழுததே இல்லை. சைக்கிளிலிருந்து விழுந்து முழங்கால் கிழிந்தபோதும், ஊசி போட்டபோதும் ஒரு சொட்டுக்கூட இல்லை. “பொண்ணுன்னா இப்படித் தங்கமா இருக்கணும்” என்று குடியிருப்பே மெச்சியது. அவரும் தலையாட்டினார். மத்தியானங்களில் அவள் தானாகவே அலமாரிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். உள்ளே குசுகுசுவென்று பேச்சு கேட்கும். யாரிடம் பேசுகிறாய் என்று அவர் கேட்டதில்லை. சத்தத்தைத் தேடி ஊரெல்லாம் அலைகிற மனிதர், அந்த ஒரு சத்தம் வந்தால் மட்டும் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுவார்.

சுவருக்கு அப்பால் அழுகை இன்னும் நிற்கவில்லை. அவர் போய்ப் பக்கத்து வீட்டு மணியை அடித்தார்.

“வாங்க சார். சத்தம் ஜாஸ்தியா இருக்கா?” என்றாள் இரட்டையரின் அம்மா. “உங்க கேமுக்கு நீங்களே புகார் சொல்ல வந்தா எப்படி?”

“இல்லம்மா... ஒரு நிமிஷம் பாத்துட்டுப் போறேன்.”

டிவி திரையை அடைத்துக்கொண்டு அந்த மரம் நின்றது. ஜன்னல் திரை இழுத்துவிட்டிருந்ததால் கூடம் முழுவதும் அதன் பச்சை வெளிச்சம்தான். சோபா, செருப்பு, குழந்தைகளின் முகம் எல்லாம் தண்ணீருக்கு அடியில் கிடப்பவை போல் தெரிந்தன.

“மாமா, மரத்துக்கிட்டயே வந்துட்டோம். பொந்து தொறக்கவே மாட்டேங்குது” என்றாள் ஒருத்தி.

“பாப்பாவும் நிறுத்த மாட்டேங்குறா” என்றாள் மற்றவள்.

அழுகை மெல்லத் தேய்ந்தது. பிறகு சின்னக் குரல், மூச்சு வாங்கியபடி: “அப்பா... அழுதுட்டேன்ப்பா. போதுமா?”

“அட, வசனமெல்லாம் பேசுதே! உங்க பொண்ணு குரல் மாதிரியே இல்ல?” என்று அம்மாக்காரி சிரித்தாள்.

அவர் திரைக்கு இன்னும் பக்கத்தில் போனார். இது கேமில் இல்லை. எங்கேயுமே இல்லை. அவரே அழித்தது.

திரையில் கம்பளி உரசும் ஓசை. ஹேங்கர்கள் நகரும் கிறீச். அவர் வீட்டு அலமாரிக் கம்பியின் இடது ஓரத்தில் துரு. அங்கே வரும்போது மட்டும் கிறீச் இரண்டாக உடையும். உடைந்தது. துணிகளுக்குப் பின்னாலிருந்து யாரோ முன்னால் வந்தார்கள்.

“அழாத குட்டி. அப்பா இங்கதான் இருக்கேன்.”

அவருடைய குரல். பால்கனியில் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போனில் பேசிக்கொண்டிருந்தவரின் குரல்.

“அப்ப வெளிய இருக்கறது யாரு?”

“அது யாரோ. சத்தம் புடிக்க வந்தவன்.”

“நீங்க எப்ப வெளிய வருவீங்க?”

“நீ அழுதத அவன் முழுசாக் கேக்கட்டும். அப்புறம் அவன் உள்ள இருப்பான். நான் வந்துடறேன்.”

பேச்சு அத்தோடு முடிந்தது. இரட்டையர் இருவரும் திரும்பி அவரைப் பார்த்தார்கள்.

அவர் ஓடினார்.

வீட்டில் மாலை வெயில் தரையில் நீளமாக விழுந்திருந்தது. குழாய் சொட்டவில்லை. ஃபிரிட்ஜ்கூட முனகவில்லை. அலமாரி வாசலில் மகளின் செருப்பு, ஜோடியாக, வெளிப்பக்கம் பார்த்து. உள்ளே அழுகை. இரண்டு வருஷத்துக்குப் பிறகு, அவள் அழுகை.

“குட்டி! அப்பா வந்துட்டேன்டா. தப்புதான். அப்பா பண்ணது தப்புதான்.”

இந்த வார்த்தையை அவர் வேறு யாரிடமும் சொன்னதில்லை. மனைவியிடம்கூட.

கதவைத் திறந்தார். துணிகள். அழுகை அதற்குப் பின்னால். தலையை நுழைத்தார். தோளை நுழைத்தார். கை நீட்டினால் பலகை தட்ட வேண்டும். தட்டவில்லை. இன்னொரு அடி. கம்பளி வாசம். தூசி. பழைய பயத்தின் வியர்வை நெடி. நெற்றியில் ஏதோ குளிர்ச்சியாக இடித்தது.

மைக்.

அதன் சிவப்பு விளக்கு எரிந்தது.

அழுகை நின்றது. பின்னால் கதவு சாத்திக்கொண்டது. சாவி திரும்பியது.

“குட்டி?”

வெளியே சின்னக் கால்கள் செருப்புக்குள் நுழைகிற சத்தம். பக்கத்தில் பெரிய கால்கள். கதவோரம் ஒரு வாய் நெருங்கி வந்தது. அவர் குரல்தான். அவரைவிடக் கனிவாக.

“கொஞ்ச நேரம்தான். இதோ வந்துடறேன்.”

“வாங்கப்பா, போலாம்” என்றாள் மகள். சிரித்தாள். காலடிகள் கூடத்தைத் தாண்டின. வாசல் கதவு திறந்து மூடியது.

இருட்டு. சிவப்புப் புள்ளி. மூச்சு.

சுவருக்கு அப்பால் டிவி மறுபடி உயிர்பெற்றது. வளர்ந்த ஆண் ஒருவன் விம்மி விம்மி அழுகிற சத்தம்.

“அம்மா, இங்க வாயேன்!” என்று இரட்டையரில் ஒருத்தி கத்தினாள். “பாப்பா போயிட்டா! மரத்துக்குள்ள இப்ப மாமா அழறாரு!”

சத்தக்காரர் இரண்டு கைகளாலும் தன் வாயைத் தொட்டுப் பார்த்தார். மூடியிருந்தது.

சுவருக்கு அப்பால் ஒரு விக்கல். பிறகு முதலிலிருந்து.