பதினேழாம் ஆணி

காலை எட்டு மணிக்குப் பின்பக்கக் கேட் வழியாக ஃபிட்டர் உள்ளே வந்தபோது மலைக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். கம்பி கட்டி, வலை போர்த்தி, சிமெண்ட் பூசிய மலை. தட்டினால் காலி டப்பா சத்தம் வரும். முப்பது வருஷமாக ராட்டினம், ரயில், படகு என்று போல்ட் முடுக்கியே நரைத்துப்போன ஆள் அவர். இந்த மாதிரி மலைகளை ஒருநாளும் நம்பியதில்லை. இரும்பை நம்பலாம். இரும்புக்கு ஏதாவது ஆனால் கிறீச்சென்று சொல்லிவிடும்.

மலைக்குள்ளே ஒரு சின்ன ரயில். கூரை இடிந்த சுரங்கத்தில் மாட்டிக்கொண்டு தப்பி வருவதுபோல ஜனங்களைச் சுற்றிக் காட்டும் விளையாட்டு. திறப்பு விழாவுக்குப் பத்து நாள்தான் இருந்தது. வேலிக்கு வெளியே நின்று வாராவாரம் வீடியோ எடுத்து, எது முடிந்தது, எது பாக்கி என்று ஊருக்கெல்லாம் சொல்கிற கூட்டம் ஒன்று உண்டு. போன மாதம் அவர்கள் ஒரே போடாகப் போட்டுவிட்டார்கள். ரயில் ஜோராக ஓடுகிறது, ஆனால் இது சுரங்கமா, பொம்மைக் கடையா? ரயிலுக்கும் கதைக்கும் ஒட்டவே இல்லை.

அதைக் கேட்டதிலிருந்து டிசைனர் அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. எங்கேயோ மூடிக்கிடந்த நிஜச் சுரங்கத்திலிருந்து ஒரு லாரி சாமான் கொண்டுவந்து இறக்கினார். நசுங்கிய வண்டிகள், விளக்குகள், தொப்பிகள். கூடவே ஒரு பலகை.

ஆள் உயரப் பலகை. நாற்பது ஆணி. ஒவ்வோர் ஆணிக்கு மேலும் ஓர் எண், ஆணியில் அதே எண் அடித்த பித்தளை வில்லை. சுரங்கத்தில் இறங்குகிறவன் தன் வில்லையை எடுத்துக்கொண்டு போவான். ஏறி வந்ததும் தன் ஆணியில் மாட்டுவான். ஷிஃப்ட் முடிந்ததும் மேஸ்திரி வந்து பலகையைப் பார்ப்பார். ஆணி காலி என்றால் ஆள் உள்ளே.

வந்து இறங்கியபோதே ஐந்து ஆணி காலியாக இருந்தது.

பலகையை வாயிலில் சாத்தி வைத்தார்கள். உள்ளே ஆள் இருப்பது தெரியாமல் ரயிலை ஓட்டிவிடக் கூடாதென்று சைட்டில் ஒரு கையெழுத்து நோட்டு இருந்தது. அதில் எழுதச் சோம்பல்பட்டவர்கள் பலகையைப் பிடித்துக்கொண்டார்கள். போகும்போது எடு, வரும்போது மாட்டு.

“செத்தவன் செருப்ப மாட்டிக்கிட்டு நடக்குறீங்களேடா, காலு கூசல?” என்றார் ஃபிட்டர். அவர் மட்டும் நோட்டில்தான் எழுதினார்.

“செருப்பு என் சைஸ்தான் மாமா,” என்று இருபத்து மூன்றாம் வில்லையை விரலில் சுழற்றிக் காட்டினான் பிரஷ்.

பிரஷ் அவருடைய மச்சினன். சுவரில் ஈரம், பாசி, விரிசல் எல்லாம் வரைகிற பெயிண்டர். ஆறு வயதில் தாயில்லாமல் அக்கா வீட்டுக்கு வந்தவன். ஃபிட்டருக்கும் மனைவிக்கும் பிள்ளை இல்லை, அவன்தான் பிள்ளை. பத்து வயதுவரை விளக்கை அணைத்தால் அலறுவான். இந்த வேலைக்கு அவனை அழைத்து வந்ததும் ஃபிட்டர்தான்.

அன்று மதியம் சாப்பாட்டு மணி அடித்தது. பிரஷ் இரண்டு கையிலும் கறுப்புப் பெயிண்டோடு, வில்லையைப் பல்லில் கடித்துக்கொண்டு வந்தான். பின்னால் வந்தவனோடு ஏதோ சிரிப்பு. பலகையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கைக்கு அகப்பட்ட காலி ஆணியில் மாட்டினான். பதினேழாம் ஆணி.

“டேய், அது உன் ஆணி இல்லடா.”

“ஏதோ ஒரு ஆணி மாமா. பசி கொல்லுது.”

ஃபிட்டருக்கும் பசி. விட்டுவிட்டார்.

கை கழுவக் குழாயடிக்குப் போனவன் திரும்பி வந்து உட்கார்ந்தான். பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. தண்ணீரைத்தான் குடித்தான். ஒரு பாட்டில், இரண்டு, மூன்று.

“பெரியவரே, இன்னும் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?” என்று ஃபிட்டரிடம் கேட்டான்.

எல்லாரும் சிரித்தார்கள். பிரஷ் எப்போதும் அப்படித்தான், யாரையாவது நடித்துக் காட்டுவான்.

சாயங்காலம் சைட் மேஸ்திரியும் நோட்டை விட்டுவிட்டுப் பலகையைத்தான் பார்த்தார். பதினேழு நிறைந்திருந்தது, இருபத்து மூன்று காலி. எண்ணிப் பார்த்தால் வழக்கம்போல ஐந்து. சுரங்கத்தைப் பூட்டிவிட்டுப் போனார்.

அன்று ராத்திரி வீட்டில் மனைவி ஃபிட்டரை அடுப்படிக்கு அழைத்துக் கிசுகிசுத்தாள்.

“ஏங்க, அவனுக்கு என்ன ஆச்சு? என்னைப் பாத்து, ‘இந்தாம்மா, கதவ மூடாதீங்க’ங்குறான்.”

“வெளையாடுறான்டி.”

“அக்கான்னு ஒரு தடவ கூப்பிடலங்க. வீட்டுக்குள்ளயே வர மாட்டேங்குறான். வாசப்படியில உக்காந்து வானத்தையே பாக்குறான்.” அவள் குரல் இறங்கியது. “நான் வளத்த ஒடம்புங்க அது. ஆனா உள்ள வேற யாரோ.”



மறுநாள் காலை தண்டவாள போல்ட்டுகளைப் பார்க்க அவர் தனியாகச் சுரங்கத்துக்குள் போனார். எப்போதும் பெயிண்ட் நாற்றம்தான் அடிக்கும். அன்று நனைந்த மண் வாடை அடித்தது. எரிந்த எண்ணெய் வாடை. ரொம்ப நாள் மூடிக்கிடந்த மூச்சின் வாடை.

மூன்றாவது வளைவில் சத்தம் கேட்டது.

டொக். டொக். டொக்.

ஃபிட்டர் ஸ்பானரைக் கீழே வைத்தார்.

டொக். டொக். டொக்.

சுவருக்குள்ளிருந்து வந்தது. பக்கத்தில் போய்க் காதை வைத்தார். காலி டப்பாச் சத்தம் இல்லை. கனத்த கல்லை, ரொம்பத் தூரத்தில், கையால் தட்டுகிற சத்தம்.

“மாமா.”

பிரஷ்ஷின் குரல்.

“மாமா, லைட்டு போடுங்க மாமா.”

சுத்தியலை எடுத்து ஓங்கி அடித்தார். இரண்டு விரல் கனம்தான் அந்தச் சுவர். மூன்றாவது அடியில் பொத்துக்கொண்டது. வலையைக் கிழித்து எட்டிப் பார்த்தார்.

வெயில். பின்முற்றம். காலி டிரம்கள். யாரோ காயப்போட்ட சட்டை.

வேறொன்றும் இல்லை.

“அங்க இல்ல மாமா.” இப்போது எதிர்ச் சுவரிலிருந்து. “இன்னும் உள்ள.”

அதையும் உடைத்தார். அதற்குப் பின்னாலும் வெயில்தான் இருந்தது.

அப்போதுதான் அவருக்குப் பலகை ஞாபகம் வந்தது. ஓடினார். அறுபது வயதுக் கால் ஓடக்கூடிய அளவுக்கு ஓடினார். வரிசையில் நிற்கிற ஜனங்கள் பார்ப்பதற்காக, முந்தின ராத்திரியே டிசைனர் அம்மா பலகையைச் சுவரில் பதித்து, வில்லைகள் திருடு போகாமலிருக்கப் பிசின் ஊற்றி ஒட்டச் சொல்லியிருந்தார். பதினேழாம் ஆணியில் தொங்கிய இருபத்து மூன்றாம் வில்லை கண்ணாடிக்குள் பூச்சிபோல உறைந்திருந்தது. உளியை வைத்துக் கொத்தினார். நகம் பெயர்ந்தது. வில்லை கையோடு வந்தது. இருபத்து மூன்றாம் ஆணியில் மாட்டி, ஆடாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.

“மாட்டிட்டேன்டா! வாடா!”

சுரங்கத்துக்குள்ளிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். பிரஷ் நின்றிருந்தான். பிரஷ்ஷின் சட்டை, பிரஷ்ஷின் முகம். தலையை மட்டும் தாழ்ந்த கூரைக்குக் கீழே நடந்து பழகியவன்போலக் குனிந்து வைத்திருந்தான்.

“அது ஆகாது பெரியவரே,” என்றான் மெதுவாக. “மேஸ்திரி பலகையப் பாத்துட்டாரு. ஷிஃப்ட் முடிஞ்சிருச்சு. அதுக்கப்புறம் மாத்துனா செல்லாது. எங்களுக்கும் அப்படித்தான் சொன்னாங்க.”

ஃபிட்டர் அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினார். “நீ போடா உள்ள! அவன வெளிய விடு! கொழந்தடா அவன். இருட்டுன்னா பயப்படுவான்டா!”

“தெரியும். என்னைத் தாண்டித்தான் அவன் போனான். வெளிய விடுன்னு என் கையப் புடிச்சு ஒரு தடவ கேட்டான், நான் வழி விடல.” அவன் கண் கலங்கியிருந்தது. “எத்தன வருஷம்னு எனக்குத் தெரியல பெரியவரே. நான் திரும்பிப் போக மாட்டேன். என்னை அடிங்க, கொல்லுங்க. கொன்னா இந்த ஒடம்பு அவனுக்கும் இல்ல, எனக்கும் இல்ல.”

ஃபிட்டர் சட்டையை விட்டார்.

“இனிமே சுவர உடைக்காதீங்க,” என்றான் மறுபடி. “அங்க அது அவனுக்குக் கேக்கும். யாரோ வராங்கன்னு எழுந்து நிப்பான். வெளிச்சம் வராது. பாவம்.”

ஓட்டைகளுக்குச் சிமெண்ட் பூசினார்கள். ஃபிட்டருக்குப் புத்தி பிசகிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். அவர் நடந்ததைச் சொன்னார். டிசைனர் அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, போய் ஓய்வெடுக்கச் சொன்னார்.

திறப்பு நாளன்று கூட்டம் அம்மியது. வேலிக்கு வெளியே நின்ற வீடியோக்காரர்கள் முதல் ரயிலிலேயே ஏறி இறங்கினார்கள். இப்போதுதான் ரயிலும் கதையும் பொருந்தியிருக்கிறது என்று கேமராவைப் பார்த்துச் சொன்னார்கள். சுவருக்குப் பின்னால் ஒருவன் தட்டிக்கொண்டே இருக்கிறான், எந்தப் பார்க்கிலும் இப்படி ஒன்று இல்லை. டிசைனர் அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. அந்தச் சத்தத்தை வைத்தது எலக்ட்ரீஷியன் என்று அவர் நினைத்தார். எலக்ட்ரீஷியனோ, வைத்தது டிசைனர் அம்மா என்று நினைத்தான்.

ஃபிட்டர் மனைவியோடு வெளிவாசலில் நின்றார். கடைசி வளைவில் ஒரு கேமரா இருந்தது. ரயிலில் அலறுகிறவர்களைப் படம் பிடித்து, இறங்கும் இடத்தில் பெரிய திரையில் காட்டும். முதல் ரயிலின் படம் வந்தது. வாயைப் பிளந்த எட்டு முகங்கள். அவற்றுக்குப் பின்னால், தண்டவாளத்தின்மேல், ஒன்பதாவதாக ஒருவன். இரண்டு கையும் கறுப்பு.

மனைவி திரையில் உள்ளங்கையை வைத்தாள். “கூப்பிடுங்க. நீங்க கூப்பிட்டா திரும்புவான்.”

“லென்ஸ்ல அழுக்கும்மா,” என்றாள் படம் விற்கிற பெண். “தொடைச்சிடுறேன்.”

துடைத்தாள். அடுத்த ரயிலின் படம் வந்தது. அவன் இருந்தான், ஆனால் சற்றுத் தள்ளி. அதற்கடுத்ததில் இன்னும் தள்ளி, முதுகு காட்டி, யாரோ கையைப் பிடித்து அழைத்துப்போவதுபோல ஒரு பக்கம் சாய்ந்து. ஐந்தாவது படத்தில் அவன் அவர்கள் இருவரைத் தவிர வேறு யார் கண்ணுக்கும் தெரிந்திருக்க மாட்டான்.

அடுத்த படத்துக்காக இருவரும் திரையைவிட்டு நகராமல் நின்றார்கள். ஆறாவது ரயில் நிரம்பிவிட்டது. உள்ளே போவதற்கு மணி அடித்தார்கள்.