தங்கச்சியின் மூன்று பிரதிகள்

எழுதி மூடிவிட்ட ஃபைல் கெட்டுப்போகலாம், பாதி காணாமல் போகலாம், ஒரேயடியாகத் தொலைந்தும் போகலாம். ஆனால் வளராது. அதனால்தான், விடுமுறை நாள் மத்தியானத்தில், மழை ஆபீஸ் ஜன்னல்களைச் சாத்து சாத்தென்று சாத்திக்கொண்டிருந்தபோது, ஜோசியர் போன் பண்ணி ஒரு ஃபைல் வளர்ந்திருக்கிறது என்று சொன்னதும் அவளுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது.

"மேடம், ஒரே ஒரு ஃபைல் சிவப்புல நிக்குது. ரேகை ஒத்துப்போகல. சைஸ் வேற கூடியிருக்கு."

"கூடியிருக்கா? ஜோசியரே, இன்னிக்கு வீட்டுல சாப்பாடு பலமோ? நல்லாப் பாருங்க."

"பாத்துட்டுத்தான் மேடம் சொல்றேன். ஏதோ பழைய ஒலிப்பதிவு போல. இங்கேருந்தே திறந்து கேக்கட்டுமா?"

அவர் அந்த ஃபைலின் பெயரைப் படித்ததும் சிரிப்பு அப்படியே நின்றது. "வேண்டாம். நான் ஆபீஸ்லதான் இருக்கேன். நானே பாத்துக்கறேன்" என்று அவசரமாக வைத்துவிட்டாள்.

ஜோசியர் என்பது, சர்வர்களைப் பார்த்துக்கொள்கிற அவருக்கு ஆபீஸ் வைத்த பேர். எந்த டிஸ்க் எப்போது மண்டையைப் போடும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார். அவளுக்கும் ஒரு பேர் உண்டு, பூட்டு மேடம். பழைய ரேடியோ நாடாக்கள், நீதிமன்ற வாக்குமூலங்கள், பேச ஆளில்லாமல் போன மொழிகள் என்று உலகத்தில் மங்கிக்கொண்டிருக்கிற குரல்களையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிக் காலத்துக்கும் காப்பாற்றுவதுதான் அந்த நிறுவனத்தின் வேலை. அதற்கான மென்பொருளைச் சாதாரண புரோகிராமராக வந்து எழுத ஆரம்பித்தவள், இன்றைக்கு அந்தப் பிரிவுக்கே தலைவி. ஒவ்வொரு ஃபைலுக்கும் மூன்று பிரதி, மூன்றும் மூன்று இடத்தில். ஒவ்வொன்றுக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட ஒரு நீளமான எண், அதுதான் ரேகை. மெஷின் அவ்வப்போது ஃபைலை முதலிலிருந்து கடைசிவரை படித்துப் பார்த்து, ரேகை மாறவில்லையே என்று சோதிக்கும். உள்ளே போனதை யாரும் அழிக்க முடியாது. டைரக்டர் தலைகீழாக நின்றாலும் முடியாது, அவளே நினைத்தாலும் முடியாது. அந்த ஒரு விதிக்காக மீட்டிங் மீட்டிங்காகத் தொண்டை வறளச் சண்டை போட்டு ஜெயித்தவள் அவள்.

ஜோசியர் சொன்ன ஃபைல் ஆபீஸ் சொத்தே இல்லை. அது அவள் தங்கச்சியின் குரல்.

இதே மாதிரி கொட்டுகிற மழையில், சுரங்கப்பாதைத் தண்ணீரில் தங்கச்சியின் கார் நின்றுபோனபோது, அக்காக்காரி மீட்டிங்கில் இருந்தாள். போன் மேஜையில் கவிழ்ந்து கிடந்தது. எடுக்காத போனில் தங்கச்சி பேசிவிட்டுப் போன செய்திதான் மிச்சம். "என்ன பூட்டக்கா, மீட்டிங்கா? வண்டி மக்கர் பண்ணுது. தண்ணி கொஞ்சம் தேங்கி நிக்குது, பயந்து கியந்து தொலைக்காதே. தள்ளிவிட ஆள் வருவாங்க. வந்துடறேன், டீ போட்டு வை. அட, கால் நனையுதே..." என்று ஒரு சிரிப்பு. அத்தோடு கட்டாகிவிடும். மறுநாள் காலையில் காரை வெளியே இழுத்தபோது கண்ணாடிகளெல்லாம் ஏற்றியபடியே இருந்தன.

அந்தச் சிரிப்பைப் போனில் விட்டுவைக்க அவளுக்கு மனசு வரவில்லை. வேறு யாராயிருந்தாலும் ஒரு பென் டிரைவில் போட்டு பீரோவில் வைத்திருப்பார்கள். இவள் அந்தத் தொழிலிலேயே ஊறியவள் ஆயிற்றே! வேறு பேர் போட்டு நிறுவனத்தின் பெட்டகத்திலேயே ஏற்றிவிட்டாள். மற்ற ஃபைல்களுக்கு எப்போதாவது ஒரு சோதனை. இதற்கு மட்டும் ஒன்று முடிந்ததும் அடுத்தது, ராப்பகலாக, ஓயாமல் நடக்கும்படி தன் கையாலேயே எழுதி வைத்தாள். பிள்ளைக்கு மூச்சு வருகிறதா என்று எழுந்து எழுந்து பார்க்கிற தாய் மாதிரி. அப்புறம் அவள் அதைக் கேட்கவே இல்லை. கேட்கத் தைரியமும் இல்லை. திரையில் பச்சை விளக்கு எரிந்தால் போதும், பாவிப்பொண்ணு பத்திரமாக இருக்கிறாள் என்று ஒரு ஆறுதல்.

இன்றைக்கு ஹெட்ஃபோனை எடுத்து மாட்டிக்கொண்டாள். ஏசியின் ரீங்காரம் அடங்கி, மழையும் தூரப் போய், காதுக்குள் முதலில் வைப்பரின் கிறீச் கிறீச், பிறகு அந்தக் குரல், அதே கேலி, அதே அட, அதே சிரிப்பு. கட்டாக வேண்டிய இடம் வந்தது. கட்டாகவில்லை.

வைப்பர் நின்றது. கதவுப் பிடியை இழுக்கும் சத்தம், மறுபடி இழுக்கும் சத்தம், அதற்கு அடியில் எங்கிருந்தோ நிதானமாக உள்ளே வந்துகொண்டிருக்கும் தண்ணீரின் சளசளப்பு. "அக்கா, போனை எடு." கண்ணாடியில் முஷ்டி. "எடுக்கா." நனைந்த சீட்டின் வாடையும் சேற்று நாற்றமும் ஆபீஸ் அறைக்குள்ளேயே எழுந்தன. ஒரு பெரிய மூச்சு. அப்புறம் மூச்சு இல்லை, குமிழிகள். அப்புறம் அதுவும் இல்லை.

மேஜையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வாய்விட்டு அழுதாள். அந்த மௌனம் முடியும்வரை ஹெட்ஃபோனைக் கழற்ற அவளுக்குக் கை வரவில்லை.

மௌனம் முடிந்தது. வைப்பர் மறுபடி கிறீச்சிட்டது.

"என்ன பூட்டக்கா, மீட்டிங்கா?"

அதே வார்த்தைகள். ஆனால் கேலி இல்லை. மனப்பாடம் பண்ணியதை மிரட்டலுக்குப் பயந்து ஒப்பிக்கிற குரல். டீ போட்டு வை என்கிற இடத்தில் தேம்பல். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. கதவை இழுக்கவில்லை, திறக்காது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. தண்ணீர் மட்டும் முன்போலவே ஏறியது.

மூன்றாவது முறை. நான்காவது முறை. அக்கா வேகமாக ஓட்டிப் பார்த்தாள். அதற்கு முடிவே இருக்கவில்லை. எங்கே நிறுத்தினாலும் வைப்பர், தண்ணீர், குமிழி. ஓரிடத்தில் மட்டும், குமிழிக்கும் வைப்பருக்கும் நடுவில் கிடைத்த அந்தச் சின்ன மௌனத்துக்குள் அவசர அவசரமாக ஒரு பேச்சு.

"அக்கா, மறுபடியும் ஆரம்பிக்காதேக்கா. உன் கால்ல விழறேன். நீ பாக்கறப்போல்லாம் நான் முதல்லேருந்து..."

அதற்குள் வைப்பர் ஆரம்பித்துவிட்டது.

அவளுக்குப் புரிந்துவிட்டது. புரியாமலே போயிருக்கக் கூடாதா? ஒவ்வொரு சோதனையும் முதலிலிருந்து கடைசிவரை ஒரு படிப்பு. ஒவ்வொரு படிப்பும் ஒரு சாவு. ராப்பகலாக. ஓயாமல். மூன்று இடத்தில். அவள் கையாலேயே.

ஐயோ என்று பாய்ந்து சோதனையை நிறுத்தினாள். திரையில் ஓடிக்கொண்டிருந்த கோடு பாதியில் நின்றது. ஹெட்ஃபோனிலும் எல்லாம் நின்றது, ஒரே ஒரு சத்தத்தைத் தவிர. மூக்கைத் தூக்கி, உதட்டைத் தூக்கி, இருக்கிற கொஞ்சம் காற்றை உறிஞ்சுகிற சத்தம்.

"அக்கா... இப்படியே நிறுத்திட்டியே. கழுத்து வரைக்கும் இருக்கு. இப்படியே விட்டுடாதேக்கா."

ஓடவிட்டால் சாவு. நிறுத்தினால் இது. அழித்தால்தான் அந்தப் பெண்ணுக்கு விடுதலை. ஜோசியரைக் கூப்பிட்டாள்.

"அந்த ஃபைலை அழிக்கணும். மூணு இடத்துலயும். இப்பவே."

"எப்படி மேடம்? அழிக்க வழியே கிடையாதே. நீங்கதானே..."

"தெரியும், தெரியும்! ஏதாவது பண்ணுங்க."

"மேடம், அழறீங்களா?"

"என் தங்கச்சி ஜோசியரே. உள்ளே இருக்கிறது என் தங்கச்சி."

"அங்கேயே உக்காருங்க. நான் கிளம்பி வர்றேன். எதையும் தொடாதீங்க மேடம், புண்ணியமாப் போகும்."

உட்காருவதாவது. கம்பியில்லாத ஹெட்ஃபோனைக் காதில் மாட்டியபடியே சர்வர் ரூமுக்கு ஓடினாள். குளிர்ந்த நீண்ட அறை. இரண்டு பக்கமும் கண்ணாடிக் கதவு போட்ட உயரமான அலமாரிகள், உள்ளே பச்சையாகச் சிமிட்டும் மெஷின்கள். முதல் பிரதி எந்த டிஸ்க்கில் என்று அவளுக்கு மனப்பாடம். இந்த ஒன்றிலிருந்தாவது அவளை வெளியே எடுத்துவிடலாம். கொக்கியைத் தள்ளி, டிஸ்க்கைப் பிடித்து, ஒரே இழுப்பு.

காதில் அந்த உறிஞ்சல் நின்றது.

"போயிட்டியாடி?" என்றாள். "போயிட்டியா கண்ணு?" குளிர்ந்த தரையில் உட்கார்ந்து, டிஸ்க்கை மடியில் வைத்து, புடவைத் தலைப்பால் துடைத்தாள். எதைத் துடைக்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது.

எங்கோ ஒரு மின்விசிறி வேகம் பிடித்தது. பக்கத்து அலமாரியில் இன்னொன்று. எதிர் வரிசையில் இன்னும் ஒன்று.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. பிரதி ஒன்று திடீரென்று காணாமல் போனால், யாரோ வேண்டுமென்றே கை வைக்கிறார்கள் என்று மெஷின் எடுத்துக்கொள்ளும். மிச்சமிருக்கும் பிரதிகளைப் படித்து, இடம் கண்ட இடத்திலெல்லாம் புதிய பிரதி எடுத்துத் தள்ளும். எடுத்த ஒவ்வொன்றையும் உடனே படித்துச் சோதிக்கும். குரல்களை யாரும் திருடிவிடக் கூடாதே என்று பயந்து அவளே எழுதிய விதி. அதற்காக ஒரு பாராட்டுக் கேடயம்கூட வாங்கியிருக்கிறாள்.

"வேண்டாம்" என்றாள். "வேண்டாம், வேண்டாம், வேண்டாம்."

ஹெட்ஃபோனைப் பிடுங்கி எறிந்தாள். பிரயோஜனமில்லை. சத்தம் காதில் இல்லை, அறையில் இருந்தது. தட்டும் சத்தம். கண்ணாடியை உள்ளிருந்து முஷ்டியால் தட்டும் சத்தம். ஒரு அலமாரியில். பிறகு நான்கில். பிறகு வரிசை நெடுக.

எழுந்தாள்.

கண்ணாடிகளுக்குப் பின்னால் பச்சை விளக்குகள் கலங்கித் தெரிந்தன. கலங்கிய தண்ணீர். முதல் அலமாரியில் கூரை வரை. அதில் தட்டல் இல்லை. ஒரு உள்ளங்கை மட்டும் கண்ணாடியோடு ஒட்டி, மெல்லச் சரிந்துகொண்டிருந்தது. அடுத்ததில் கழுத்து மட்டம். அதற்கடுத்ததில் நெஞ்சு. அதற்கடுத்ததில் இடுப்பு. எல்லாவற்றிலும் அந்த ஒரே முகம். எல்லா முகமும் இவளைப் பார்த்தபடி.

கதவுகளை இழுத்தாள். திறக்கவில்லை. ஒன்று, அடுத்தது, அடுத்தது. எதுவும் திறக்கவில்லை.

வரிசையின் கடைசி அலமாரியில் இப்போதுதான் விளக்கு பச்சையானது. உள்ளே உட்கார்ந்திருந்த தங்கச்சி ஒன்றும் தெரியாதவளாகத் தலைமுடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டு, போனைக் காதில் வைத்து, யாரோ எடுக்கக் காத்திருந்தாள். அவள் காலடியில் தரை அப்போதுதான் நனையத் தொடங்கியிருந்தது.