நாற்பதாவது கட்டில்

குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கினால் ஊருக்கே கொண்டாட்டம். எங்களுக்கு மட்டும் துணி காயாது. 1962 ஆடி மாதத்தில் ஒரு காலை, தென்காசி நர்சிங் பள்ளி மாணவிகள் பதினோரு பேர் பஸ்ஸை விட்டு இறங்கி, அருவிச் சாலையில் இருந்த அந்தப் பழைய பங்களா ஆஸ்பத்திரிக்குள் நனைந்துகொண்டே நுழைந்தோம். வழக்கமாக வருகிற இடம்தான். பள்ளியில் பாடம், ஆஸ்பத்திரியில் பயிற்சி என்று இரண்டு நிர்வாகமும் ஒப்பந்தம் போட்டிருந்தன. ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு எங்கள் கைகள் வேண்டும், எங்களுக்கு அவர்களுடைய நோயாளிகள் வேண்டும். இதில் யார் யாரை ஏமாற்றுகிறார்கள் என்று எனக்கு முதல் நாளிலிருந்தே சந்தேகம். எனக்கு யாரையும் லேசில் நம்புகிற சுபாவம் கிடையாது.

அன்று சென்னையிலிருந்து இன்ஸ்பெக்டர் அம்மா வருகிறார். நாற்பது கட்டிலிலும் நோயாளி இருந்தால்தான் பள்ளியின் அங்கீகாரம் நிற்கும். இல்லாவிட்டால் என் மூன்று வருடப் படிப்பு குப்பைக்குத்தான் போகும். கடையத்தில் மாமன் மகன் தாலியோடு காத்திருந்தான். முதல் பெண்டாட்டியை அடித்தே விரட்டியவன்.

உண்மையான நோயாளிகள் இருபத்திரண்டு பேர்தான். மீதிப் பதினெட்டுக்கு ஆஸ்பத்திரி மேனேஜர் ஞானதுரை அக்கம்பக்கத்துப் பெண்களைப் பிடித்து வைத்திருந்தார். இன்ஸ்பெக்டர் போகும்வரை போர்வைக்குள் முனக வேண்டும், பிறகு கோழிக் குழம்போடு சாப்பாடு. அவர்களுக்கு நோய்ச்சீட்டு எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. பதினேழு பேருக்கு நானாக நோய் கற்பித்துவிட்டேன். பதினெட்டாவதுக்குக் கற்பனை வற்றிப்போனது. பழைய அலமாரியிலிருந்து ஏழு வருடத்துக்கு முந்தைய சீட்டு ஒன்றை உருவி, பெயர் உட்பட அப்படியே காப்பியடித்தேன். அகிலாண்டேஸ்வரி, வயது இருபத்து நான்கு, பிரசவத்துக்குப் பின் காய்ச்சல். கடைசிப் பக்கத்தை மட்டும் விட்டுவிட்டேன். அது அவள் செத்துப்போனதைச் சொல்கிற பக்கம்.

அந்தப் பெயரில் படுக்க வேண்டியவள் மாரித்தாய். ஒன்பதரை மணிக்கு அவள் தங்கை மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"அக்கா வரமாட்டாவ. பசுவுக்கு நோவு கண்டுட்டு, கன்னு போடுத வரைக்கும் நகர முடியாதுன்னு சொல்லச் சொன்னாவ."

கணக்கில் ஒன்று குறைகிறது. வார்டுக்கு ஓடினேன். ஜன்னல் வழியே மேகம் உள்ளே வந்து, பகலிலேயே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. டெட்டால் வாடையும் ஈரக் கம்பளி வாடையும் கலந்து மூக்கை அடைத்தன. கடைசி மூலையில் நாற்பதாவது கட்டில்.

அதில் ஒருத்தி படுத்திருந்தாள்.

முகம் சுவர்ப் பக்கம் இருந்தது. ஞானதுரை கைவசம் வேறு ஆள் வைத்திருந்து என்னிடம் மறைத்திருக்கிறார் என்று நினைத்தேன். அடுத்த நிமிடமே, இவள் இன்ஸ்பெக்டர் அம்மா முன்கூட்டி அனுப்பிய உளவாளியோ என்று தோன்றியது.

"யக்கா, ஒங்களுக்கு என்ன பேரு சொல்லிக் குடுத்தாவ?"

"அகிலாண்டேஸ்வரி."

"யாரு ஒங்கள வரச் சொன்னது?"

"நீதானட்டி சீட்டு எழுதுன."

நெற்றியைத் தொட்டேன். சுட்டது. தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன், நூற்றுநான்கு. சீட்டில் பத்து மணிக்கு நேராக நான் காப்பியடித்திருந்ததும் நூற்றுநான்கு.

சுவர்க் கடிகாரம் பத்து அடித்தது.

"அன்னைக்கு ஏன் யாருமே வரல?" அவள் குரல் சுவரிலிருந்து வருவதுபோல் இருந்தது.

"என்னைக்கு?"

"பிள்ள பெத்த நாலாம் நாளு. பள்ளிக்கூடத்துப் பிள்ளையளு பாத்துக்கிடும்னு ஆசுபத்திரிக்காரவிய போயிட்டாவ. ஆசுபத்திரிக்காரவிய பாத்துக்கிடுவாவன்னு பிள்ளையளும் பரீச்சைக்குப் போயிட்டாளுவ. தண்ணி தண்ணின்னு கத்துனேன்."

நான் காப்பியடிக்காமல் விட்ட பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு வரி இருந்தது. 'பகல் முழுவதும் வார்டில் செவிலியர் எவரும் இல்லை.' அந்தப் பக்கத்தை நான் யாருக்கும் காட்டவில்லை.

வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டது. இன்ஸ்பெக்டர் அம்மாவும் ஞானதுரையும் வந்துவிட்டார்கள். அந்த அம்மா ஒவ்வொரு கட்டிலாக எண்ணிக்கொண்டு வந்து, நாற்பதில் நின்று நாடி பிடித்தார். முகம் மாறியது.

"இந்தப் பொண்ணு ரொம்ப மோசமா இருக்காளே. யார் பொறுப்பு?"

ஞானதுரை என்னைப் பார்த்தார். இவள் யாரென்றே தெரியாது என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் முப்பத்தொன்பது. கடையத்து மாமன் மகன் கண் முன்னால் வந்து நின்றான்.

"நான்தான் மேடம்."

"இவ குணமாகிற வரைக்கும் பக்கத்தை விட்டு நகரக்கூடாது. தெரிஞ்சுதா?"

"நகரமாட்டேன் மேடம்."

போர்வைக்குள்ளிருந்து ஒரு கை வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது.

இப்போது அது சுடவில்லை. ஐஸாகக் குளிர்ந்தது.

கார் கிளம்பியதும் ஞானதுரை கைதட்டினார். பொய் நோயாளிகள் சிரித்துக்கொண்டே எழுந்து சாப்பிட ஓடினார்கள். நான் கதவுவரை அவர்களைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். மணிக்கட்டில் பிடி இல்லை. நாற்பதாவது கட்டில் காலியாக இருந்தது. விரிப்பில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

"மாரித்தாய்க்குப் பதிலா யாரப் பிடிச்ச? கெட்டிக்காரிதான் போ," என்றார் ஞானதுரை.

"நீங்க ஏற்பாடு பண்ணலியா சார்?"

சிரித்துக்கொண்டிருந்தவர் சிரிப்பை நிறுத்தினார். அதன் பிறகு அவர் என்னைச் சந்தேகப்பட்டார், நான் அவரைச் சந்தேகப்பட்டேன். இருவருக்கும் அதுதான் வசதியாக இருந்தது.

அங்கீகாரம் கிடைத்தது. அடுத்த வருடம் எனக்குச் சர்டிபிகேட்டும், திருவேங்கடத்தில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் வேலையும் கிடைத்தன. மாமன் மகனிடமிருந்து தப்பித்தேன். திருவேங்கடம் கரிசல் பூமி. சாரல் கிடையாது, மேகம் இறங்காது. உச்சி வெயிலில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது மனம் லேசாகத்தான் இருந்தது. வழியில் ஒரு கடையில் சோடா குடித்துவிட்டு, கொஞ்சம் தாமதமாக ஆஸ்பத்திரி வாசலுக்குப் போனேன். ஆயா சுல்தான் பீவி எதிரே வந்து என் பெட்டியை வாங்கினாள்.

"வாங்க சிஸ்டரம்மா. ஒங்ககூட பஸ்ஸுல வந்தவியள உள்ள படுக்க வச்சிருக்கேன்."

"எங்கூட யாரும் வரலியே. நான் தனியாத்தான் வந்தேன்."

"இல்லம்மா, முன்னாலயே நடந்து வந்துட்டாவ. ஒடம்பு அனலாக் கொதிக்குது. நான் தண்ணி குடுத்தா வாங்க மாட்டேங்குதாவ. நகரமாட்டேன்னு சொன்ன புள்ள எங்க, எங்கன்னு ஒங்களத்தான் கேட்டுக்கிட்டே இருக்காவ."

அவள் கையிலிருந்த தண்ணீர்க் குவளையை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன்.