எழும்பாத கறுப்புக் கட்டை

பியானோவில் ஒரு கட்டை மட்டும் கீழே இறங்கியே இருந்தது.

இடது ஓரத்தில் ஒரு கறுப்புக் கட்டை. மற்றதெல்லாம் ஒழுங்காக வரிசையில் நிற்க, அது ஒன்று மட்டும் யாரோ விரலால் அமுக்கிப் பிடித்திருப்பது போலத் தாழ்ந்து கிடந்தது. சகுந்தலா டீச்சர் வாசலிலேயே நின்றுவிட்டாள். மலைக் குளிருக்கு மரம் ஊதியிருக்கும், வேறென்ன என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டாளே தவிர, கால் உள்ளே நகரமாட்டேன் என்றது. ஒரு வருடமாக இந்த அறைக்குள் அவள் தனியாக வந்ததே கிடையாது. எப்போதும் நாலு பிள்ளைகளை முன்னால் விட்டு, பின்னால்தான் நுழைவாள்.

இன்றைக்குப் பிள்ளைகள் ஏது? பொங்கலுக்கு ஐந்து நாள் விடுமுறை. ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் நெல்லிவாசல்நாட்டுப் பெண்களை ஏற்றிக்கொண்டு மத்தியானமே ஜீப் போய்விட்டது. மற்ற டீச்சர்கள் காலை பஸ்ஸிலேயே மலை இறங்கிவிட்டார்கள். "ப்ளக்கைப் பிடுங்கி, உறையைப் போட்டுட்டுக் கிளம்புங்க சகுந்தலா" என்று தலைமையாசிரியை போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார். நாலு மணிக்கு ஜமுனாமரத்தூர் பஸ். அதைப் பிடித்தால் ராத்திரி கணியம்பாடியில் வீடு. இப்போது மணி மூன்றே முக்கால். வெளியே பனி இறங்கி, எதிரே இருந்த பலாமரமே கண்ணுக்குத் தெரியவில்லை. இரண்டு நிமிட வேலைதானே என்று செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போனாள். ஸ்பிரிங் வைத்த கதவு பின்னாலேயே மெல்ல வந்து சாத்திக்கொண்டது.

அறை என்று பெயர்தான், மூடிய டப்பா என்றே சொல்லலாம். பனியின் ஈரம் பட்டால் கம்பிகள் கெட்டுவிடும் என்று ஜன்னல்களைப் பலகை அடித்து மூடியிருந்தார்கள். கதவைச் சுற்றி ரப்பர் பட்டை. தாழ்ப்பாள் வெளிப்பக்கம் மட்டும்தான், குரங்குக்குப் பயந்து போட்டது. வார்னிஷ், அந்துருண்டை, பழைய கம்பளி எல்லாம் கலந்த ஒரு வாடை மூக்கில் ஏறியது. டியூப்லைட் வெளிச்சத்தில், நடுவில் அந்தப் பியானோ.

அது சாதாரணப் பியானோ இல்லை. நிஜக் கம்பி, நிஜச் சுத்தியல், ஆனால் வயிற்றுக்குள் மின்பொறி. சென்னையில் ஒரு மாஸ்டர் தன் பியானோவில் உட்கார்ந்து வாசித்தால், இங்கே ஆளில்லாமல் கட்டைகள் இறங்கி ஏறும். பிள்ளைகள் அந்தக் கட்டைகள் மேல் விரலை லேசாக வைத்துக்கொண்டு கூடவே போய்க் கற்றுக்கொள்ள வேண்டும். யார் வாசித்தாலும், எந்த விரல் எவ்வளவு அழுத்தியது என்பது வரைக்கும் அது பதிந்து வைத்துக்கொள்ளும். தப்பைத் திரும்ப வாசித்தும் காட்டும். வந்த புதிதில் மலைச்சனம் திரண்டு வந்து வாயைப் பிளந்து பார்த்தது. அப்போதைய வாட்ச்மேன் கோபால்சாமியிடம் சகுந்தலாதான் கண்டிப்பாகச் சொல்லி வைத்தாள்: "அது தானா வாசிக்கும். எந்த நேரம் சத்தம் கேட்டாலும் கதவைத் திறக்காதீங்க, ஈரம் உள்ள போயிடும்."

அந்த ஒரு வார்த்தையை நினைக்காமல் இருக்க, அவள் நேராகப் பியானோவிடம் போனாள்.

ப்ளக்கைப் பிடுங்கினாள். உறையைக் கையில் எடுத்தாள். அந்தக் கறுப்புக் கட்டை கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. நகத்தால் நெம்பி மேலே தூக்கிவிட்டாள்.

பியானோ வாசிக்க ஆரம்பித்தது.

பரீட்சைப் பாட்டு. மெதுவாக, கவனமாக, ஒவ்வொரு கட்டையாக. ப்ளக் தரையில் கிடக்கிறது, வயர் அவள் காலடியில் சுருண்டிருக்கிறது, கட்டைகள் பாட்டுக்கு இறங்கி ஏறுகின்றன. முதல் வரி. இரண்டாவது. மூன்றாவது. நாலாவது வரியில் இடது கை தடுக்கியது. நின்றது. பிறகு முதலிலிருந்து.

ஐயோ, அந்தத் தடுக்கலை அவளுக்குத் தெரியாதா!

பாஞ்சாலை. எட்டாம் வகுப்பு. சாமை அறுக்கும்போது அரிவாள் பட்டு, இடது மோதிர விரல் வளையாமல் போன பெண். நாலாவது வரியில் அந்த விரல் அவளை எப்போதும் காட்டிக்கொடுக்கும். போன பொங்கலுக்கு முந்தின நாள், இதே நேரம், சகுந்தலா அவள் செருப்பைப் பிடுங்கி அலமாரியில் போட்டாள். "தப்பில்லாம ஒரு தடவை வாசி. அப்புறம் வூட்டுக்குப் போ" என்று வெளியே தாழ்ப்பாளைப் போட்டாள். கால் மணி நேரத்தில் திறந்துவிடலாம் என்றுதான் இருந்தாள். அதற்குள் பஸ் ஹாரன் அடித்துவிட்டது, ஓடினாள். மறந்தே போனாள்.

மறந்தது ஒரு நாள்தான். மறுநாள் பொங்கல் பானை பொங்கும்போது சடக்கென்று ஞாபகம் வந்தது. கோபால்சாமியின் நம்பர் போனில் இருந்தது. கூப்பிட்டால், பிள்ளையைப் பூட்டிவைத்தது தான்தான் என்று ஊருக்கே தெரிந்துவிடும். கோபால்சாமி பார்த்துத் திறந்துவிட்டிருப்பார் என்று மனதைத் தேற்றிக்கொண்டு கரும்பைக் கடித்தாள். பாஞ்சாலை வீட்டில், பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருக்கிறாள் என்று நினைத்தார்கள். பள்ளியில் வீட்டுக்குப் போய்விட்டாள் என்று நினைத்தார்கள். ஐந்து நாள் கழித்துக் கதவைத் திறந்தபோது கோபால்சாமி தலையில் அடித்துக்கொண்டு அழுதார். "மூணு நாளு பொட்டி வாசிச்சினே இருந்துச்சிங்களே! தானா வாசிக்கும்னு நீங்கதானே சொன்னீங்க டீச்சர்?"

தாழ்ப்பாள் போட்டது கோபால்சாமிதான் என்று சகுந்தலா விசாரணையில் சொன்னாள். அவருக்கு வேலை போனது. அந்த ஐந்து நாள் பதிவை ஒரு நொடிகூடக் கேட்காமல் அவளே அழித்தாள்.

இப்போது அது வாசித்துக்கொண்டிருந்தது.

அவள் கதவுக்கு ஓடினாள். கைப்பிடியைத் தொடும்போதே வெளியே இரும்பு உரசுகிற சத்தம். தாழ்ப்பாள் விழுந்தது. இழுத்தாள், அசையவில்லை. "மங்கம்மா! மங்கம்மா, நான் உள்ளே இருக்கேன்!" என்று கத்தினாள். பின்னால் பியானோ ஓங்கி எழுந்தது. சின்னக் கைகளின் முழுப் பலமும் கட்டைகள் மேல் விழ, அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

அவள் கத்தலை நிறுத்தியதும் பியானோவும் தணிந்தது. காதைக் கதவோடு ஒட்டினாள். கதவுக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர். புது வாட்ச்வுமன் மங்கம்மாள், பொங்கலுக்கு அவளை ஊருக்குக் கூட்டிப்போக வந்த ஜீப்காரர் தங்கவேல்.

"உள்ள இன்னாமோ சத்தம் கேக்குதே?"

"அது தானா வாசிக்கிற பொட்டிண்ணே. நிறுத்தாமயே வுட்டுட்டுப் போயிருக்காங்க."

"டீச்சரு உள்ள கீறாங்களோ இன்னாவோ?"

"வாசல்ல செருப்பு கீதா பாரு? ஒண்ணுமில்ல. பஸ்ஸுக்குப் போய்ட்டாங்க. மெயின அணைச்சா பொட்டியும் அடங்கிடும், வா."

செருப்பு இல்லையா? கழற்றி வைத்தது ஐந்து நிமிடம்கூட ஆகவில்லையே! சகுந்தலா இரண்டு கையாலும் கதவை அறைந்தாள். உள்ளங்கை எரிந்தது. பியானோவும் அறைந்தது, அவள் அடிக்கு அடி, அவளைவிடச் சத்தமாக. காலடிகள் தூரமாகப் போயின. எங்கோ பனிக்குள் பஸ் ஹாரன் ஒரு தரம், இரண்டு தரம்.

ஐந்து நாள். போன் ஸ்டாஃப் ரூமில் சார்ஜில் கிடக்கிறது. "பனி அதிகமானா பஸ் வராது, ஹாஸ்டல்லயே தங்கிடுவேன், சிக்னல் இருக்காது, பயப்படாதீங்க" என்று புருஷனிடம் காலையில் சொன்னது அவளேதான். யாரும் தேடமாட்டார்கள். ஒருவரும் தேடமாட்டார்கள்.

டியூப்லைட் அணைந்தது.

இருட்டில் பியானோ அடங்கவில்லை. அவள் கதவோடு முதுகை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். கேட்காமல் அழித்ததையெல்லாம் கேட்டாள். பரீட்சைப் பாட்டு, தடுக்கல், மறுபடி. எத்தனை தடவை! பிறகு பாட்டு போய்விட்டது. முஷ்டியால் குத்து. முழங்கையால் குத்து. பிறகு நீண்ட அமைதி. பிறகு ஒரு கை மட்டும், தட்டித் தட்டி, யாரையோ கூப்பிடுவது போல. அமைதி வரும்போதெல்லாம் சகுந்தலா கத்தினாள். "நான்தான் பூட்டினேன்! கோபால்சாமி இல்ல, நான்தான்!" கேட்க யாருமில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. தண்ணீர் என்று நினைத்தாள். அந்தப் பிள்ளையும் நினைத்திருக்கும்.

எவ்வளவு நேரம் போனதோ.

கடைசியில் ஒரே ஒரு கட்டை. இடது ஓரம். தாழ்ந்த சுருதி.

டங்.

வெகுநேரம் கழித்து, இன்னொரு தரம்.

டங்.

அவளால் தாங்க முடியவில்லை. அதை நிறுத்தினால் போதும். தவழ்ந்து போனாள். ஸ்டூல் தட்டுப்பட்டது. ஏறி உட்கார்ந்தாள். குளிர்ந்த கட்டைகள் மேல் கையை ஓட்டினாள். வெள்ளை. வெள்ளை. கறுப்பு. இடது பக்கம். இன்னும் இடது பக்கம்.

டங்.

இங்கேதான்.

அந்தக் கட்டை தாழ்ந்திருந்தது. எழும்பவில்லை. தூக்கிவிட விரலை நீட்டினாள்.

கட்டை மேல் ஏற்கெனவே ஒரு விரல் இருந்தது.

சின்ன விரல். ஐஸ் மாதிரி. அவள் கையை இழுப்பதற்குள் மற்ற விரல்களும் வந்து அவள் விரல்களின் மேல் ஒவ்வொன்றாகப் படிந்தன. லேசாக. சொல்லிக்கொடுத்த மாதிரியே. நாலு விரல் வளைந்து பிடித்துக்கொண்டது.

மோதிர விரல் மட்டும் வளையவில்லை.

முதல் வரி ஆரம்பித்தது.