மூன்றாம் பதிப்பில் நீக்கிய விதி

மழை முந்திக்கொண்டது. மாத்தளை பஸ் நிலையத்துக் கூரையின்கீழ் லோஜனா ஓடி நுழைந்தபோது நனைந்த துணிப்பை அடியோடு கிழிந்தது... உள்ளிருந்த பகடைகள் சிதறின. இருபது முகம் கொண்ட நீலப் பகடை மட்டும் உருண்டு சென்று, யாரோ ஒருவனுடைய செருப்பருகே நின்றது.

அவன் குனிந்தான். எடுப்பதற்கு முன் படித்தான்.

"ஒண்ணு விழுந்திருக்கு மிஸ். இன்னைக்கு உங்களுக்கு நேரம் சரியில்ல."

"பஸ் ஸ்டாண்டுல உருண்டது கணக்கில்ல," என்றாள். பகடையை வாங்கியவள் அவன் கண்களையும் கண்டாள். கார்காலத்து முதல் மேகம்போல் கறுத்துக் குளிர்ந்த கண்கள்... பார்வையை அவசரமாக அவன் கையிலிருந்த புத்தகத்துக்கு மாற்றினாள். உடனே சிரிப்பு வந்தது.

'ஏழு கோட்டை.' ஒவ்வொருவரும் ஒரு வீரனாகவோ வீரியாகவோ வேடமேற்று, மேசையைச் சுற்றி அமர்ந்து, பகடை உருட்டிக் கதை வளர்க்கும் விளையாட்டு. மாவட்டக் கச்சேரி அலுவலகத்தில் பணி முடிந்தபின் லோஜனாவின் உயிரே அதில்தான். அவன் கையிலிருந்தது அதன் விதிநூல், ஆனால் பழையது. முதுகு கிழிந்து, காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டரால் கட்டப்பட்டிருந்தது.

"ரெண்டாம் பதிப்பா? இதையா இன்னும் ஆடுறீங்க?"

"நான் பார்மசியில வேலை செய்றேன். பிளாஸ்டருக்குக் குறைவில்ல. அதான் இன்னும் உசிரோட இருக்கு."

"உசிரா? மூணாவது வந்து எவ்வளவு காலம். நாலாவதுக்கே பேச்சு அடிபடுது. கம்பனி அச்சடிக்கிறத நிறுத்தினா அந்தப் பதிப்புக்கு ஆயுசு முடிஞ்சுது."

"கம்பனியா ஆடுது? நாங்கதானே ஆடுறோம்." அவன் பக்கத்தைப் புரட்டினான். ஆங்கில வரிகளின் இடையே பென்சிலால் எறும்பு ஊர்ந்தாற்போல் தமிழ். "எங்க ஆளுங்களுக்காக நாங்களே எழுதினது. எழுதி முடிக்க, மூணாவது வந்திருச்சு. சரி, இத மட்டும் சொல்லுங்க. நாணவிதிய ஏன் எடுத்தாங்க?"

அவ்விதி லோஜனாவுக்குத் தெரியும். தோழனுக்குத் தீங்கிழைத்த வீரன், அத்தோழன் முன்னிலையில் அதனை வாய்விட்டு ஒப்புக்கொண்டு, அவன் 'எடு' என்று சொல்லும்வரை வாளைத் தொடலாகாது.

"ஆட்டம் இழுபடுது. அதான் எடுத்தாங்க."

"வெக்கப்பட நேரமில்லையாக்கும்," என்று சிரித்தான். அவன் பெயர் ஜெராட். "ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு இரத்தோட்டை மாதா கோயில் ஹோல்ல ஆடுவோம். வாங்க, நாற்காலி இருக்கு."

"ஒரு படம் எடுக்கட்டா?"

அவன் புத்தகத்தை, ஞானஸ்நானத்துக்குக் கொண்டுவந்த குழந்தையைப்போல், நெஞ்சருகே ஏந்தி நின்றான்.

உக்குவளை பஸ்ஸில் ஏறிய பின்னும் அக்கண்கள் கூடவே வந்தன. தன்னைக் கலக்கிய ஒன்றைத் தனக்கே மறைக்க ஒரு சிரிப்பு வேண்டியிருந்தது. நாடெங்கும் உள்ள ஆட்டக்காரர் கூடும் குழுவில் படத்தை இட்டு எழுதினாள்: 'மாத்தளையில் ஒரு பிணம். இன்னும் புதைக்கவில்லை.'

சிரிப்புகள் மழையாய்ப் பொழிந்தன.

அந்த வாரமே, அவளோடு ஆடும் நிரூபன் அழைத்தான். "லோஜி, அந்தப் பிணப்படம்... அந்த ரெண்டாம் பதிப்பு மேசையில ஆடுற இரத்தோட்டை ஷியாமளாவும் நம்ம குழுவுல இருக்காங்களாம். பாத்துட்டு மத்தவங்களுக்கும் காட்டியிருக்காங்க. ஊரே சிரிக்குதுன்னு அவங்கள்ல முக்கால்வாசிப் பேர் இனி வரமாட்டாங்களாம். வர்ற ஞாயிறோட மேசைய மூடுறாங்க."

படத்தை அழித்தாள். படம் அழிந்தது, பழி அழியவில்லை. வெள்ளியன்று முத்துமாரியம்மன் சந்நிதியில் தீபம் ஏறியபோது எல்லோரும் முகம் நிமிர்த்தினர், அவளால் முடியவில்லை. தாயே, ஏந்தி நின்ற அந்தக் கைகளையல்லவா நான் எள்ளினேன்... அன்பே உருவானவள் முன் நின்று, அன்புக்கு அஞ்சிச் செய்த பிழையை எவ்வாறு சொல்வது? திருநீற்றை வாங்கிக்கொண்டு குனிந்த தலையோடே வெளியேறினாள்.

ஞாயிறன்று இரத்தோட்டை பஸ்ஸில் ஏறினாள்.

நீண்ட மேசை. நிறைய நாற்காலிகள். ஜெராட்டும் ஒரு பெண்ணும் மட்டும்.

"பிணத்தப் பாக்க வந்தீங்களா?" என்றாள் அந்தப் பெண். அவள்தான் ஷியாமளா.

"விடு ஷியாமளா. உக்காருங்க மிஸ்." அவன் குரலில் கோபம் இல்லை. அதுவே சுட்டது. "நீங்க ஒரு வாள்வீரி. மேசைக்கு வந்தா வேடத்தோட வாயாலதான் பேசணும், எங்க வழக்கம் அது. கோட்டைக் கதவு உடையுது. பகை உள்ள வருது. என்ன செய்றீங்க?"

"வாளை எடுக்க முடியல."

"ஏன்?"

"நாணவிதி. ஒரு தோழன் என்னை நம்பித் தன் பொக்கிஷத்தக் காட்டினான். நான் அத ஊர் சிரிக்க வச்சேன்... இல்ல, இது வாள்வீரி இல்ல. லோஜனா. படம் போட்டது நான். ஏன்னா உங்களப் பாத்ததும் எனக்கு என்னமோ ஆச்சு. அதுக்குப் பயந்து சிரிச்சேன். காலையில அந்தக் குழுவுலயும் என் பேர்லயே எழுதிட்டேன், தப்பு என்னுதுன்னு. இனி என்னைப் பாத்துச் சிரிக்கட்டும்."

மேசையின் மரக்கோடுகளையன்றி வேறெதையும் அவள் பார்க்கவில்லை. ஷியாமளா தன் போனை எடுத்துப் பார்த்தாள், வெகுநேரம் பார்த்தாள். பின்னர் எழுந்தாள். "மத்தவங்களக் கூப்பிட்டுப் பாக்கிறேன். வந்தா வரட்டும்." வாசலுக்குப் போனாள்.

ஜெராட் தன் பையைத் திறந்தான். மேசைமேல் வைத்த நூலைக் கண்டு லோஜனா திகைத்தாள். மூன்றாம் பதிப்பு. புத்தம் புதியது.

"அப்ப என்னாலயும் வாளை எடுக்க முடியாது," என்றான். "கண்டிக்குப் போய் வாங்கினேன். இவங்க யாருக்கும் சொல்லல... பழசு சாகாதுன்னு நெஞ்சத் தட்டிச் சொன்னவன் நான்தானே. வெக்கமா இருந்துச்சு."

"எதுக்கு வாங்கினீங்க?"

"உங்ககூடப் பேசணும்னா உங்க விதி தெரியணுமே."

"எப்ப... படத்தப் பாக்கிறதுக்கு முந்தியா?"

"பாத்த பிறகு," என்றான். காதுகள் சிவந்தன. "கோவம் இருந்துச்சு. இருந்தும் பஸ் ஏறிட்டேன். எனக்கும் என்னமோ ஆயிருச்சு மிஸ். பிடிச்சுப்போச்சு. அவ்வளவுதான்."

வெளியே மலைமேல் மழை இறங்கும் ஓசை கேட்டது.

"நாலாவது பதிப்பு வந்தா...?" மெல்லக் கேட்டாள்.

"வரட்டும். எந்த விதின்னாலும் எதிர்ல நீங்க இருக்கணும்." புது நூலை அவள் பக்கம் நகர்த்தினான். "எடுங்க, லோஜனா."

வெள்ளி முதல் தாழ்ந்திருந்த கண்களை அவள் உயர்த்தினாள். எதிரே அதே மேகம்... இம்முறை அவள் பார்வையை மாற்றவில்லை.