மூத்தவளின் அளவு

தீனிக் கிண்ணத்தோடு அவள் கொல்லைப்புறம் இறங்கியதும் சேவல் அந்தச் சத்தத்தைக் கொடுத்தது.

சேவலின் எச்சரிக்கையில் இரண்டு வகை உண்டு. பூனையோ நாயோ தரைவழியாக வந்தால் கொக்கொக்கென்று விட்டுவிட்டுக் கத்தும். ஆபத்து வானத்திலிருந்து வந்தால் மட்டும் மெல்லிய, நீளமான ஒரே இழுப்பு. அதைக் கேட்டதும் கோழிகள் உறைந்து நிற்கும். கண்கள் பக்கவாட்டில் இருப்பதால், தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் மேலே பார்க்கும்.

இப்போது வந்தது அந்த இழுப்பு. வானத்தில் ஒரு காக்கைகூட இல்லை. ஐந்து கோழிகளும் தலையைச் சாய்த்து அவளைத்தான் பார்த்தன. பிறகு ஓடிப்போய்ப் பொம்மையின் காலடியில் ஒண்டிக்கொண்டன.

தையல்காரரான அவள் கணவர், துணி மாட்டி அளவு பார்க்கக் கடையில் வைத்திருந்த பொம்மை அது. பஞ்சு அடைத்த உடம்பு, ஒற்றை மரக்கால். அவருடைய முதல் மனைவி, மூத்தவள், உயிரோடு இருந்தபோது அவளுடைய அளவுக்கே செய்தது. போன மாதம் பருந்து இரண்டு கோழிகளைத் தூக்கிப்போனதும், கைகளுக்குப் பதிலாகக் குறுக்கே ஒரு கம்பைக் கட்டி, மூத்தவளின் பூப்போட்ட நீலச் சட்டையை மாட்டி இங்கே நிறுத்திவிட்டார். அன்றிலிருந்து ஒரு கோழியும் போகவில்லை.

அது அவளுக்குப் பொறுக்கவில்லை. கல்யாணமாகி ஒரு வருடம். அவர் தைத்துக் கொடுக்கும் சட்டை ஒவ்வொன்றும் அவள் தோளில் தொளதொளவென்று தொங்கியது. அவர் கைக்குப் பழகிய மூத்தவளின் அளவு அது.

இன்றைக்கும் கடைக்குக் கிளம்பும் முன் அவர் பொம்மையின் இடுப்பைச் சேர்த்தணைத்து, பதமாகத் தூக்கி, மதிலோரம் வைத்தார்.

"ஒரே இடத்துல நின்னா ரெண்டு நாள்ல பருந்து கண்டுபிடிச்சிடும். தினமும் இடம் மாத்தணும்."

"என்னை ஒரு நாளாவது இப்படித் தூக்கியிருக்கீங்களா?"

"நீ என்ன பொம்மையா?" சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

அந்தச் சிரிப்பு பத்து மணி வரை அவள் காதில் அரித்தது. பிறகு போய்ச் சட்டையை உருவினாள். மொட்டையாக நின்ற பொம்மையை இழுத்துப் போய்ச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் தள்ளினாள்.

"கோழிக்குக் காவல்தானே வேணும்? நானே நிக்கிறேன்."

தன் பச்சைச் சட்டையைக் கழற்றிவிட்டு நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டாள். தையல் சுண்ணாம்பு, மெஷின் எண்ணெய், அவர் கை வாசனை. தோளில் தொளதொளப்பு, எதிர்பார்த்ததுதான். கொல்லையின் நடுவில் போய், கைகளை விரித்து நின்றாள்.

கொஞ்ச நேரத்தில் பருந்தின் நிழல் மதிலைத் தாண்டி வந்தது, தரையில் ஒரு வட்டம் போட்டது, விலகிப் போனது. முதலில் சேவல் வந்தது. அப்புறம் ஒவ்வொன்றாக ஐந்தும். அவள் பாதத்தின் மேல் வெதுவெதுப்பாக உட்கார்ந்தன. அவள் சந்தோஷத்தில் கைகளை இன்னும் அகல விரித்தாள். இனி இது என் வீடு, என் கோழி, என் மனுஷன்.

அப்போதுதான் கவனித்தாள். சட்டை தோளில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. இடுப்பிலும்.

கைகளை இறக்கப் பார்த்தாள். இறங்கவில்லை. கூப்பிட வாயைத் திறக்கப் பார்த்தாள். திறக்கவில்லை. பாதத்தில் இருந்த வெதுவெதுப்பு மெல்லப் போனது. கோழிகள் நகரவில்லை. பாதம்தான் இல்லை.

சமையலறைக்குள் மரக்கால் ஒன்று தரையில் தட்டியது.

டக். டக்.

பிறகு காலடி. இரண்டு கால்.

குழாய் திறக்கும் சத்தம். தட்டு கழுவும் சத்தம்.

மதியம் சாப்பிட வந்தவர் நேராகக் கொல்லைக்கு வந்தார். வழக்கம்போல உதட்டில் இரண்டு குண்டூசி. நான்தாங்க, நான்தாங்க என்று அவள் உள்ளுக்குள்ளேயே கத்தினாள். அவர் அவள் இடுப்பைச் சேர்த்தணைத்து, பதமாகத் தூக்கி, நிழலோரம் வைத்தார்.

சமையலறை ஜன்னலில் ஒருத்தி நின்றாள். உடம்பில் இவளுடைய பச்சைச் சட்டை, தோளில் அளவெடுத்த மாதிரி. முகம் நிழலில் இருந்தது. அங்கிருந்து குரல் மட்டும் வந்தது.

"என்னை ஒரு நாளாவது இப்படித் தூக்கியிருக்கீங்களா?"

"நீ என்ன பொம்மையா?" என்று அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே, சரிந்திருந்த நீலக் கழுத்துப்பட்டையை நிமிர்த்தி, உதட்டிலிருந்து ஒரு குண்டூசியை எடுத்து இவள் தோளில் வைத்து அழுத்தினார்.

ஊசி அதன் தலைவரைக்கும் இறங்கியது. வலிக்கவே இல்லை.