பச்சைத் துணி முடிச்சு

எனக்கு வாய் நீளம் என்று நெல்லித்தோப்பில் எல்லோருக்கும் தெரியும். மாடி அறையை வாடகைக்குக் கேட்டு வந்த பஞ்சநாதனிடமும் முகத்துக்கு நேராகவே கேட்டேன்.

"வூட்ல பொம்பளை இல்லாத ஆளுக்கு எப்படித் தம்பி வூடு குடுக்கறது?"

நாலு வயது மகள் சுவேதா அவன் காலைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஒரு கோணிப்பை, அவ்வளவுதான் குடித்தனம்.

"இதையே சொல்லித்தான்க்கா எல்லாரும் கதவைச் சாத்தறாங்க," என்றான். பெண்டாட்டி செத்து, இருந்த வாடகை வீடும் போய், கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் நோயாளிகளோடு வந்தவர்கள் படுக்கும் கொட்டகையில் அப்பனும் மகளும் யாரோ நோயாளிக்குச் சொந்தம் போலப் படுத்துக் கிடந்திருக்கிறார்கள். பகலில் பெயிண்ட் வேலைக்குக் கையாள். எதையும் மறைக்காமல் சொன்னான். சாவியைக் கொடுத்துவிட்டேன்.

அன்று பாய் கொடுக்க மாடிக்குப் போனபோது பார்த்தேன். செத்த மனைவியின் பச்சைப் புடவையில் கிழித்த துணி. ஒரு முனை மகளின் மணிக்கட்டில், மறு முனை அவன் மணிக்கட்டில்.

"கொட்டாயில தூங்கிக்கினு இருந்த புள்ளைய எவனோ தூக்கப் பாத்தான்க்கா. துணி இழுத்துச்சு, முழிச்சிக்கினேன்."

"இங்கதான் தாழ்ப்பா இருக்கே?"

"இது இருந்தாத்தான் அவளுக்குத் தூக்கம்."

படுத்ததும் அவள் ஒரு தரம் இழுப்பாள். இருக்கேன் என்பதற்கு அவன் ஒரு தரம் இழுப்பான். உடனே தூங்கிவிடுவாள்.

சில வருஷத்தில் கையாள் மேஸ்திரி ஆனான். பிறகு தானே ஆள் வைத்து காண்ட்ராக்ட் எடுத்தான். கடற்கரைப் பக்கத்துப் பழைய வீடுகள் பலவற்றுக்கு மஞ்சள் பூசியது அவன் ஆட்கள்தான். ரெட்டியார்பாளையத்தில் மனை பார்த்துவிட்டு வந்து, "அடுத்த தீபாவளி சொந்த வூட்லக்கா," என்று சிரித்தான்.

அடுத்த வாரம் அவன் ஏறி நின்ற சாரம் சரிந்தது. கையில் மஞ்சள் பெயிண்ட் காயாமலே பிணமாக வந்தான், பாவி. நான் வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டு அழுதேன். சுவேதா அழவே இல்லை.

சொந்தம் என்று யாரும் வரவில்லை. குழந்தையைக் கீழே என்னோடு வைத்துக்கொண்டேன். படுக்கும்போது துணியின் மறு முனையை என் கையில் கட்டினேன். அவள் இழுத்தாள். நானும் இழுத்தேன்.

"நீ இல்ல அத்தை," என்று அவிழ்த்துத் தரையில் போட்டாள். பிறகு மெல்ல ஒரு தரம் இழுத்தாள்.

தரையில் கிடந்த முனை திரும்ப இழுத்தது.

மறுநாளே அவளுக்குக் காய்ச்சல். ஊசி போட்டும் இறங்கவில்லை. பக்கத்து வீட்டு தனம் வந்து, நடந்ததைக் கேட்டுவிட்டு என் காதோடு சொன்னாள். "செத்தவன் புடிய வுடல. புள்ளையையும் இழுத்துக்கினு போயிடுவான். அந்தத் துணிய அறுத்துடு அமுதவல்லி."

அன்று மதியமே இருட்டிக்கொண்டு மழை கொட்டியது. கரண்ட் போய்விட்டது. அறைக்குள் புது பெயிண்ட் வாசனை. என் வீட்டுக்கு வெள்ளையடித்தே வருஷக்கணக்காகிறது.

துணி கட்டிலுக்கு அந்தப் பக்கம் விறைப்பாக நீண்டிருந்தது.

குழந்தையின் கை தானாக உயர்ந்தது.

"வரேன்பா," என்று கண் திறக்காமலே முனகினாள்.

கத்தரிக்கோலை எடுத்தேன். ஐயோ, வெட்டக் கை வரவில்லை. இந்த உலகத்தில் அவன் இறுக்கிப் பிடித்திருந்தது இது ஒன்றைத்தானே!

"பஞ்சநாதா," என்று அழுதேன். "உன் பாசம் எனக்குத் தெரியாதாடா? ஆனா நீ போன எடத்துக்கு அவ வரக்கூடாதுடா. நான் புடிச்சிக்கிறேன். வுட மாட்டேன். நம்புடா."

கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன். குழந்தையைக் கட்டிக்கொண்டு அப்படியே கண் அசந்துவிட்டேன்.

விழித்தபோது அவள் உடம்பு வேர்த்துக் குளிர்ந்திருந்தது. துணியின் மறு முனை என் மணிக்கட்டில் இருந்தது. சாரம் கட்டுகிறவர்கள் போடும் முடிச்சு. அதன் மேல் காயாத மஞ்சளில் ஒரு விரல் தடம்.

சுவேதா அதைப் பார்த்தாள். அன்றைக்குத்தான், அப்பா அப்பா என்று வாய்விட்டு அழுதாள். நானும் அழுதேன்.

இப்போதும் கட்டிக்கொண்டுதான் படுக்கிறோம். அவள் ஒரு தரம் இழுப்பாள். நான் ஒரு தரம் இழுப்பேன். அவள் தூங்கிவிடுவாள்.

பிறகு, இரண்டு பேர் கையும் அசையாமல் கிடக்கும்போது, நடுவில் துணி இன்னொரு தரம் இழுபடும்.